இடித்துக் கட்டும் இரண்டு வருடத்துக்கு ஒரு நூறு சதுர அடி அறை

எம்.ஜி.ஆர். நகர் பக்கம் எங்கள் ஃபிளாட். 1980களின் கடைசியில் கட்டிய மூன்று மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. இப்போது அதை இடித்துக் கட்டப் போகிறார்கள். முன்பெல்லாம் ஒரே ஒரு வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால்கூட இந்த வேலை நகராது. 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்றாகிவிட்டது. அதனால் சென்னையில் எங்களைப் போல வீட்டைக் காலி செய்துகொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதை எழுதுவது அவர்களுக்காகத்தான்.

கட்டி முடியும் வரை வெளியே தங்குவதற்கு பில்டர் கொடுக்கும் வாடகையில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு படுக்கையறை வீடு. நானும் அவரும் இருக்க அது போதும். ஆனால் மாமனார் காலத்து ஈட்டி மர அலமாரி, இரண்டு இரும்பு பீரோ, ஊஞ்சல் பலகை, சங்கிலி, என் புத்தகங்கள், பித்தளைப் பாத்திரங்கள், தையல் மிஷின், அப்புறம் கொலு பொம்மைகள், படிகள் எல்லாம் அங்கே போகாது. உறவுக்காரர்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் போட்டு வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். இரண்டு மழைக்காலம் தாண்ட வேண்டும் என்பதால் அதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. மாத வாடகைக்கு ஸ்டோரேஜ் அறை எடுப்பது என்று முடிவு செய்தோம்.

எந்த நிறுவனம் என்று பெயர் போடவில்லை. ஒரே நிறுவனத்துக்கு ஊருக்குள் நாலு கிளை இருந்தால் நாலும் நாலு விதமாக இருக்கின்றன. எதைப் பார்த்து எடுத்தோம் என்பதுதான் மற்றவர்களுக்கு உதவும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தொழிலில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் அவர்களே ஆள் அனுப்பிச் சாமானைக் கட்டி எடுத்துப்போய், பேலட் (சாமான் தரையில் படாமல் இருக்கக் கீழே போடும் தட்டு) மேல் அடுக்கி, பிளாஸ்டிக் சுற்றி, ஒரு பெரிய குடோனில் வைத்துவிடுவார்கள். நமக்குப் பட்டியலும் ரசீதும் தருவார்கள். வாடகை குறைவு. ஆனால் நடுவில் ஒரு பொருளை எடுக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிச் சொல்ல வேண்டும், இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் தனிக் காசு. இன்னொரு வகை, தனி அறை, நம் பூட்டு, நம் சாவி. வேண்டும்போது போய்த் திறக்கலாம். வெளிநாடு போகிறவர்களுக்கு முதல் வகை சரியாக இருக்கும். ஊரிலேயே இருக்கும் எங்களுக்கு அது சரிப்படவில்லை. புரட்டாசி வந்தால் பொம்மையை எடுத்தாக வேண்டும், நவராத்திரி முடிந்ததும் திருப்பி வைத்தாக வேண்டும். வாடகை வீட்டில் மூன்று படியாவது வைப்பேன் என்று நான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

அடுத்து அளவு. எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே அளவுகள்தான் சொல்கிறார்கள்: 35, 50, 75, 100, 150 சதுர அடி. இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் என்றதுமே போனில் பேசும் பிள்ளைகள் கணக்குப் போட்டு "ஐம்பது போதும்மா, மேல அடுக்கிடலாம்" என்கிறார்கள். அடுக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி அடுக்கினால் ஷட்டரைத் திறந்ததும் எதிரே ஒரு சுவர் மாதிரி அட்டைப்பெட்டிகள் நிற்கும். கடைசியில் இருப்பதை எடுக்க முன்னால் இருப்பதையெல்லாம் வெளியே இறக்க வேண்டும். அறுபது வயது தாண்டியவர்களால் அது நடக்காது. பின்னால் கரையான் ஏறினாலோ தண்ணீர் கசிந்தாலோ கண்ணிலும் படாது.

அவர்கள் சொல்லும் கன அடிக் கணக்கில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அறையின் உயரம் ஒன்பது அடி என்று போட்டுக் கணக்கு சொல்வார்கள். நேரில் போய்ப் பார்த்தால் சுவரில் ஏழரை அடியில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. அதற்கு மேல் எதுவும் வைக்கக்கூடாது. கூரையில் தீயணைப்பு ஸ்பிரிங்ளர் இருக்கிறது. தண்ணீர் பரவிக் கொட்ட ஒன்றரை அடியாவது இடம் வேண்டும். அந்த விதி நல்லதுதான், அப்படியொரு கோடு இல்லாத இடத்தில் நான் சாமானை வைக்க மாட்டேன். ஆனால் ஒன்பதடி உயரத்துக்குக் கணக்குச் சொல்லி ஏழரை அடியைக் கொடுப்பதை முதலிலேயே சொல்ல வேண்டாமா? வீட்டு இரும்பு பீரோ ஆறரை அடி. கீழே பேலட் அரை அடி. ஏழடி ஆகிவிட்டது. அதன் மேல் ஒரு பெட்டியைக்கூட ஏற்ற முடியாது.

நாங்கள் எடுத்தது பத்துக்குப் பத்து, நூறு சதுர அடி. வீட்டிலேயே அவர் ஒரு கோடு போட்ட தாளில் ஒரு அடிக்கு ஒரு கட்டம் என்று வரைந்து, சாமான்களை அட்டையில் வெட்டி அதன் மேல் நகர்த்திப் பார்த்தார். நடுவில் மூன்றடி வழி. இரண்டு பக்கமும் மூன்றரை அடி. பின்சுவர் ஓரமாக அலமாரியும் இரண்டு பீரோவும். வழிக்கு நேர் எதிரே நிற்பது அடிக்கடி திறக்க வேண்டிய பீரோ. அது மூன்றடி அகலம் என்பதால் இரண்டு கதவும் முழுதாகத் திறக்கின்றன. இடது பக்கம் கழற்றிய கட்டில், சாப்பாட்டு மேஜை, ஊஞ்சல் பலகை, கொலுப் படிகள். வலது பக்கம் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், பெட்டிகள். ஷட்டருக்கு மிக அருகில் பொம்மைப் பெட்டிகள். அந்த மூன்றடி வழிக்கு நாம் ஏறக்குறைய கால்வாசி அறையின் வாடகை கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. வழி இல்லாத அறை வெறும் குவியல், அங்கே போனாலும் எதையும் தொட முடியாது. அதற்காக 150-க்குப் போக வேண்டியதும் இல்லை. மிச்ச இடம் இருந்தால் தூக்கிப் போட வேண்டியதையும் கொண்டுபோய் வைப்போம்.

வாடகை மாதம் 7,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்து 8,260. இந்த வரியைப் போனில் யாரும் சொல்வதில்லை, பில்லில்தான் தெரிகிறது. இரண்டு வருடத்துக்குப் பெருக்கினால் 1,98,240 ரூபாய். இந்தத் தொகையை ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டுதான் வீட்டில் ஒவ்வொரு பொருளாகப் பார்க்க வேண்டும். பிளைவுட் கட்டிலும் சோபாவும் பழைய டி.வி.யும் இரண்டு லட்சத்துக்குக் காவல் காக்கத் தகுந்தவை இல்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் தம்பிக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, சோபாவும் அந்தப் பிளைவுட் கட்டிலும் அங்கே போயின. பிளைவுட் எப்படியும் இரண்டு மழைக்காலத்தில் ஓரம் ஊதிவிடும். ஈட்டி, தேக்கு, பித்தளை, கல், பொம்மை, புத்தகம் என்று திரும்ப வாங்க முடியாதவைக்குத்தான் அறை.

இப்போது இடத்துக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது எங்கள் பக்கமெல்லாம் என்ன ஆயிற்று என்று நேரில் பார்த்தவள் நான். கீழ்வீட்டு மாமியின் பீரோ தண்ணீரில் கிடந்து துருப்பிடித்த பிறகு, அதன் கதவைக் கடப்பாறை வைத்துத்தான் திறந்தார்கள். அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் மேனேஜரைப் பார்ப்பதில்லை, எதிரே இருக்கும் டீக்கடையில்தான் நிற்போம். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதியில் ஒரு இடம், பளபளவென்று இருந்தது, வரவேற்பறையில் காபி கொடுத்தார்கள், மழைத்தண்ணீர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்றார்கள். எதிர்க்கடைக்காரர், "மிக்ஜாம் புயல் அப்போ எங்க ஃப்ரிட்ஜே மிதந்துச்சும்மா. அந்த ஷட்டர் பெயின்ட்டு புதுசா இருக்கே, பார்க்கலையா?" என்றார். 2023 டிசம்பரில் வந்த தண்ணீர்தான் அவர் சொல்வது. திரும்பிப் பார்த்தால் ஷட்டரின் கீழ்ப்பாதி மட்டும் வேறு நீலமாக இருந்தது. அங்கே தரைத்தளம்தான் காலியாக இருந்தது. கிளம்பிவிட்டோம்.

மேல்மாடி என்றால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். கூரை தகரமாக இருந்தால் அக்னி நட்சத்திரத்தில் மேல்தளம் கொதிக்கும். பசை இளகும், பிளாஸ்டிக் உடையும், போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாங்கள் கேட்டது நடு மாடி. கீழேயும் ஒரு தளம், மேலேயும் ஒரு தளம். பூந்தமல்லி நெடுஞ்சாலை பக்கம், சாலையை விட நன்றாக மேட்டில் இருக்கும் ஒரு கட்டடத்தில் அப்படிக் கிடைத்தது.

ஈரம் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. சென்னைக் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். எழுபது சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் துணியிலும் மரத்திலும் தோலிலும் பூசணம் பிடிக்க ஆரம்பித்துவிடும். "கிளைமேட் கன்ட்ரோல்" என்று எல்லோரும் பலகை வைத்திருக்கிறார்கள். பல இடத்தில் அதற்கு அர்த்தம் சுவரில் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன்தான். வெளியே மழை பெய்யும்போது அந்த ஃபேன் என்ன காற்றை உள்ளே இழுக்கும் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம். நான் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கினேன், சில நூறு ரூபாய்தான், உள்ளங்கையில் அடங்கும். காலி அறையில் அதை வைத்துவிட்டு, ஷட்டரை இறக்கி, அரை மணி நேரம் வெளியே பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போய்ப் பார்ப்பேன். ஒரு இடத்தில் 78 காட்டியது. மூக்குக்கே தெரிந்தது, அடைத்து வைத்த கோணிச் சாக்கு வாசம். நாங்கள் எடுத்த இடத்தில் 61. ஈரம் உறிஞ்சும் மிஷின் வைத்திருக்கிறோம் என்று சொன்னால், உறிஞ்சிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். நிஜமாக ஓடினால் அதற்கு ஒரு குழாயோ வாளியோ இருந்தாக வேண்டும். இங்கே நடைபாதைக் கோடியில் குழாய் போய், கழிவுநீர்த் துளையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததை நானே குனிந்து பார்த்தேன். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பேலட் மரமா பிளாஸ்டிக்கா என்பதையும் பாருங்கள். பழைய மரப் பேலட் மூலமாகவே கரையானும் வண்டும் வரும். பிளாஸ்டிக் கேட்டோம், கொடுத்தார்கள். கரையான் மருந்து கடைசியாக எப்போது அடித்தார்கள் என்ற தேதியை நடைபாதையில் ஒட்டியிருந்ததும் எனக்குப் பிடித்தது.

கட்டுகிற வேலையில் பேக்கர்ஸ் ஆட்களோடு ஒரே ஒரு விஷயத்துக்கு வாதாட வேண்டியிருந்தது. அவர்களுக்கு எதைப் பார்த்தாலும் பிளாஸ்டிக் ஃபிலிமைச் சுற்றத் தோன்றுகிறது. லாரியில் போகும் இரண்டு மணி நேரத்துக்கு அது சரி. அப்படியே இரண்டு வருடம் விட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது, பாலிஷ் வெளுத்துப் போகும். அறையில் இறக்கியதும் ஃபிலிமைக் கிழித்து எடுத்துவிட்டுப் பழைய பருத்திப் புடவைகளைப் போர்த்தினேன். பொம்மைகளுக்கு முதலில் நன்றாகத் துவைத்து நைந்த வேட்டித் துணி, அதற்கு மேல்தான் செய்தித்தாள். காகிதக்கூழ் பொம்மையின் வர்ணத்தில் மை நேராக ஒட்டினால் போகாது. தசாவதார செட் மட்டும் ஒரே பெட்டியில், கழுத்துப் பக்கம் பஞ்சு வைத்து. பெட்டியின் மூன்று பக்கமும் உள்ளே இருப்பதை எழுதினேன், எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் படிக்க முடிய வேண்டும். புத்தகப் பெட்டி சிறிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்குகிறவர் இடுப்பு போய்விடும். புத்தகத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சி வராமல் இருக்க நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் வசம்பும். காயாத இலையை வைத்தால் அதுவே ஈரம். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து ஒரு முழு நாள் வெயிலில் வைத்த பிறகுதான் கட்டினேன். ஃப்ரிட்ஜ் கதவு இடுக்கில் மடித்த துணி வைத்துத் திறந்தே விட்டிருக்கிறோம், மூடினால் உள்ளே பூசணம் வரும். கிரைண்டர் கல்லைத் தனியாகக் கழற்றி வைத்தாயிற்று.

காஸ் சிலிண்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, எண்ணெய், மளிகை இதையெல்லாம் வாங்க மாட்டார்கள். வாங்குகிற இடம் இருந்தால் அங்கே வைக்காதீர்கள், பக்கத்து அறையிலும் அவை இருக்கும் என்றுதான் அர்த்தம். நகையும் பத்திரமும் பட்டுப்புடவையும் இங்கே வேண்டாம். வங்கி லாக்கருக்காவது ரிசர்வ் வங்கி 2022 ஜனவரியிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறது: தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி என்றால் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பு. அந்த விதி ஸ்டோரேஜ் அறைக்குக் கிடையாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். எங்கள் ஒப்பந்தத்தில் இழப்பீட்டுக்கு ஒரு உச்சவரம்பு, மிகச் சின்ன எழுத்தில், அதுவும் ஒரு பீரோ விலைக்குக்கூடக் காணாது. வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று நினைத்தால், பாலிசியில் எழுதியிருக்கும் முகவரியில் இருக்கும் சாமானுக்குத்தான் அது. காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய் அறையின் முகவரியைச் சொல்லி, எழுத்தில் சேர்த்துக்கொண்ட பிறகுதான் லாரி ஏற்றினோம்.

குறை இல்லாமல் இல்லை. சாமான் ஏற்றிய அன்று சரக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை. முந்தின நாளே தெரிந்திருந்தும் எங்களுக்குச் சொல்லவில்லை. அலமாரியை நாலு பேர் படியில் தூக்கி ஏற்றினார்கள், மேஸ்திரி கூடுதல் கூலி கேட்டார், நியாயமான கூலிதான், ஆனால் அதை நாங்கள்தான் கொடுத்தோம். மேனேஜர் தம்பி வருத்தம் தெரிவித்தார், அடுத்த மாத வாடகையில் கழிக்கச் சொன்னேன், மேலே கேட்க வேண்டும் என்றார், இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்துக்கே பூட்டிவிடுகிறார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது கஷ்டம். ஷட்டருக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது, எலி வராது என்கிறார்கள், நான் ரப்பர் பட்டை வாங்கி ஒட்டிவிட்டேன். பூட்டு மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும், மாற்றுச் சாவியை அலுவலகத்தில் கேட்டாலும் கொடுக்கத் தேவையில்லை.

வந்து போவது வசதியாக இருக்கிறது. கேட்டில் கையெழுத்து, அப்புறம் நம் பாட்டுக்கு நடுமாடிக்குப் போகலாம். விளக்கு நடைபாதையில்தான், அறைக்குள் கிடையாது. மேல்பக்கம் சுவருக்குப் பதில் கம்பி வலை என்பதால் ஓரளவு வெளிச்சம் வருகிறது, ஆனாலும் பெட்டி எழுத்தைப் படிக்க ஒரு டார்ச் வேண்டும். போன புரட்டாசியில் பொம்மைகளை எடுக்கப் போனபோது வழி விட்டதன் அருமை தெரிந்தது. ஷட்டரைத் தூக்கினோம், வலது பக்கம் இருந்த பெட்டிகளை எடுத்தோம், மற்ற எதையும் நகர்த்தாமல் சின்ன யானை வண்டியில் ஏற்றிவிட்டோம். அன்றைக்கே உள்ளே நடந்து போய்ப் பின்சுவர் ஓரம் வரை கையால் தடவிப் பார்த்தேன். அலமாரியின் முதுகுப்பலகை உலர்ந்திருந்தது. பீரோவில் ஒரு மூலையில் லேசாக வெள்ளை பூத்திருந்தது, துடைத்து, கொஞ்சம் சுவரை விட்டுத் தள்ளி வைத்தோம். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் மழை ஆரம்பித்து அந்த மூலை துருப்பிடித்திருக்கும். ஐம்பது சதுர அடியில் அடைத்திருந்தால் அந்த மூலை கண்ணிலேயே பட்டிருக்காது.

ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அப்போது வாடகை ஏறும். எவ்வளவு ஏறும் என்பதை முதல் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு எட்டு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 1,98,240 என்று நான் மேலே போட்டது ஏற்றம் சேர்க்காத கணக்கு. காலி செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு போதும் என்பதையும் அதே தாளில் பாருங்கள். சில இடத்தில் மூன்று மாதம் கேட்கிறார்கள், வீடு எந்த மாதம் முடியும் என்று பில்டருக்கே தெரியாத நிலையில் அது நமக்கு ஆகாது.